காற்றாலையும் பனிமானும்

நிலக்கரியை எரிக்காமல், புகையைக் கக்காமல், வீசுகின்ற காற்றையும் காய்கின்ற வெயிலையும் கொண்டே மின்சாரம் எடுக்கலாம் என்றால் அதை யாராவது வேண்டாம் என்பார்களா? வேண்டாம் என்று சொல்லும் கிராமங்கள் உலகின் பல பகுதிகளில் இருக்கின்றன. அவர்களை விவரம் அறியாதவர்கள் என்றும், முன்னேற்றத்திற்குக் குறுக்கே நிற்பவர்கள் என்றும் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் எதை எதிர்க்கிறார்கள், ஏன் எதிர்க்கிறார்கள் என்று அருகில் சென்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. இதை விளக்க நார்வே நாட்டின் போசன் தீபகற்பத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம்.

காற்றின் கணக்கு

காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தைப் பொறுத்தது என்பதை யாவரும் அறிவர். ஆனால் வேகம் இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்காகும் என்று எண்ணிவிடக் கூடாது. அது எட்டு மடங்காகிறது. எப்படி? வேகம் இரட்டித்தால், ஒரு நொடியில் இறக்கைகளைக் கடந்து செல்லும் காற்றின் அளவு இரு மடங்காகிறது. அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோகிராமிலும் அடங்கியுள்ள இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. இரண்டையும் நான்கையும் பெருக்கினால் எட்டு.

ஓரிடத்தில் நொடிக்கு 7 மீட்டர் வேகத்திலும், மற்றோரிடத்தில் 8 மீட்டர் வேகத்திலும் காற்று வீசுவதாகக் கொள்வோம். வேகத்தில் உள்ள வேறுபாடு சிறியதுதான். ஆற்றலிலோ இரண்டாவது இடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உயர்ந்தது. ஆகையால்தான் காற்றாலை நிறுவுவோர் மரங்களற்ற மேடுகளையும் கடலோரக் குன்றுகளையும் தேடிச் செல்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு காற்றாலையைக் கடந்துவந்த காற்று வேகம் குன்றி, சுழித்துக்கொண்டு போகும். அதற்கு நேர் பின்னால் மற்றொரு காற்றாலையை நிறுத்தினால் பயன் குறையும். எனவே இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டத்தைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். வட்டம் 100 மீட்டருக்கு மேற்பட்டால் இடைவெளி அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். தூண் ஊன்றும் இடம் சிறிதுதான். எனினும் எல்லாத் தூண்களையும் இணைக்கும் சாலைகளும் மின்கம்பிகளும் பல சதுர கிலோமீட்டர் பரப்பில் படர்ந்துவிடுகின்றன.

போசனில் இந்தக் கணக்குகள் எல்லாம் பொருந்திவந்தன. டிரொண்ட்ஹைம் நகருக்கு வடக்கே கடலை ஒட்டி அமைந்த அந்தத் தீபகற்பத்தில் ஸ்டூர்ஹையா என்னும் மேட்டில் 80 காற்றாலைகளும், ருவான் பகுதியில் 71 காற்றாலைகளும் நிறுவப்பட்டன. இரண்டும் சேர்ந்து சுமார் 544 மெகாவாட் திறன் கொண்டவை.

மானின் கணக்கு

அந்த மேடுகளுக்கு வேறு ஒரு பயனும் இருந்தது. நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வட பகுதிகளிலும் ரஷ்யாவின் வடமேற்கு மூலையிலும் வாழும் தொல்குடியினர் சாமி மக்கள். பெயர் நம் தமிழ்ச் சொல்லைப்போல் ஒலித்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. இவர்களுள் ஒரு பகுதியினர் ரெயின்டீர் எனப்படும் பனிமான்களை மந்தை மந்தையாக மேய்த்து வாழ்கிறார்கள். போசனில் இப்படி இரண்டு மேய்ப்புக் குழுவினர் இருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் புல் பூண்டு எதுவும் இராது. அப்போது பனிமானின் முக்கிய உணவு லைக்கன். பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் கூட்டுயிர் இது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். ஒருமுறை மேய்ந்து தீர்ந்த இடம் பழைய நிலைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள்கூட ஆகும். ஆகவே மேய்ப்பர்கள் இடம் மாற்றி இடம் மாற்றி மேய்ப்பார்கள். இந்த ஆண்டு ஓரிடம் சும்மா கிடக்கிறது என்றால், அது வரும் ஆண்டுக்கான சேமிப்பு என்று பொருள்.

பனிக்கு அடியிலுள்ள லைக்கனை மோப்பத்தால் அறிந்து, குளம்பினால் தோண்டித் தின்பது பனிமானின் இயல்பு. பனி மிக ஆழமாகிவிட்டால் தோண்ட முடியாது. குளிர்காலத்தின் நடுவே மழை பெய்து, அந்த நீர் உறைந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். தரையின்மேல் கண்ணாடிபோல் ஒரு பனிக்கட்டி ஓடு மூடிக்கொள்ளும். உணவு காலடியில் இருந்தும் மான் பட்டினி கிடக்கும்.

இத்தகைய நாட்களில் மந்தையைக் காப்பாற்றுவது காற்று வீசும் மேடுகள்தாம். அங்கே காற்று பனியை வாரிக்கொண்டு போய்விடுவதால் லைக்கன்மீது மெல்லிய படலமே தங்கும். பொறியாளர் எந்தக் காற்றைத் தேடி அந்த மேட்டுக்கு வந்தாரோ, அதே காற்றைத் தேடித்தான் மேய்ப்பரும் அங்கு வந்துகொண்டிருந்தார்.

காற்றாலைகளுக்கு இடையே மான்கள் மேயலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். பனிமான் மருண்ட இயல்புடையது. கழுத்தில் கருவி பொருத்திச் சுவீடனில் நடத்திய ஆய்வுகளில், காற்றாலைகள் உள்ள பகுதியை மான்கள் சில கிலோமீட்டர் தொலைவிலேயே தவிர்த்து ஒதுங்குவது தெரிந்தது. மேலும், நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியைப் பனிமானின் கண் உணரும். உயர் அழுத்த மின்கம்பிகளில் அவ்வப்போது தோன்றும் புற ஊதா மினுக்கல்கள் அதை அச்சுறுத்தக்கூடும் என்று 2014-இல் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கருதுகோளை முன்வைத்தனர்.

வழக்கும் தீர்ப்பும்

2010-இல் இத்திட்டங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டது. மேய்ப்பர்களின் முறையீட்டை அரசு 2013-இல் தள்ளியது. 2016-இல் கட்டுமானம் தொடங்கியது. இன ஒதுக்கலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் குழு 2018 டிசம்பரில் ஸ்டூர்ஹையா வேலையை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டது. வேலை நிற்கவில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல், குளிர்கால மேய்ச்சல் நிலம் பறிபோனதை ஒப்புக்கொண்டது. அதற்கு ஈடாக மான்களை வேலிக்குள் அடைத்துத் தீவனம் போட்டு வளர்க்கலாம் என்று கருதி, அந்தச் செலவுக்காக ஏறத்தாழ 9 கோடி குரோனர் தொகையை நிர்ணயித்தது. ஆனால் மேய்ப்பர்கள் கேட்டது மேய்ச்சலை. வேலிக்குள் அடைபட்ட மானை வளர்ப்பது வேறு தொழில். மந்தையோடு நடப்பதும், பனியின் வகைகளை அறிவதும், அவற்றைச் சொல்லும் தெற்குச் சாமி மொழியும் மேய்ச்சலோடு பிணைந்தவை. அம்மொழியைப் பேசுவோர் இன்று சில நூறு பேர்தாம்.

2021 அக்டோபர் 11-ஆம் நாள் நார்வே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டைப் பேணும் உரிமையைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு மீறப்பட்டுள்ளது என்றும், ஆகவே உரிமங்கள் செல்லாது என்றும் அவர்கள் கூறினார்கள். மாசற்ற மின்சாரத்தின் தேவையையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது. அத்தேவையை நிறைவேற்ற, மேய்ப்பர்களுக்கு இவ்வளவு கேடு விளைக்காத வேறு இடங்கள் இருந்தன என்பதை அது சுட்டிக்காட்டியது.

தீர்ப்பு வந்த பின்னும் காற்றாலைகள் சுழன்றுகொண்டேயிருந்தன. 500 நாட்கள் கழிந்தபின், 2023 பிப்ரவரியில், சாமி இளைஞர்கள் தலைநகர் ஆஸ்லோவில் அமைச்சகக் கட்டடத்தினுள் அமர்ந்து போராடினார்கள். பருவநிலை மாற்றத்துக்கு எதிராகக் குரல் கொடுத்துவரும் கிரெட்டா துன்பர்க்கும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். மார்ச் 2-ஆம் நாள் அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரில் ஒரு குழுவினரோடும், 2024 மார்ச்சில் மற்றொரு குழுவினரோடும் உடன்பாடு ஏற்பட்டது. இழந்த மேய்ச்சலுக்கு மாற்றாக வேறிடத்தில் குளிர்கால நிலம், ஆண்டுதோறும் ஒரு தொகை, இப்போதைய உரிமக் காலம் முடிந்தபின் நீட்டிப்பைத் தடுக்கும் உரிமை ஆகியவை அதில் அடங்கும். காற்றாலைகள் அங்கேயே இருக்கின்றன.

'தரிசு' என்ற சொல்

நம் நாட்டிலும் இதை ஒத்த வழக்கு உண்டு. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் ஓரண் எனப்படும் காடுகள் இருக்கின்றன. ஊர்த் தெய்வத்தின் பெயரால் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் இவற்றில் மரம் வெட்ட மாட்டார்கள். ஆடு, மாடு, ஒட்டகங்கள் மேயும். இவற்றுள் பல வருவாய்ப் பதிவேட்டில் அரசுத் தரிசு என்றே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். நிலம் தேடுவோர் முதலில் கண் வைப்பது 'தரிசு' நிலத்தில்தான். அந்நிலங்களை ஓரண் என்று முறையாகப் பதிவு செய்யுங்கள் என்பதே ஊரார் கேட்பது. பட்டா இல்லாதவன் மேய்க்கும் நிலம் காகிதத்தில் காலியாகத் தெரிகிறது.

மாற்று வழி உண்டா?

டென்மார்க்கின் சாம்சோ தீவில் சுமார் 4,000 பேர் வாழ்கிறார்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலாலேயே தன் தேவையை நிறைவு செய்யும் தீவாக மாற்றுவதற்கு 1997-இல் அது தெரிவு செய்யப்பட்டது. 2000-இல் தரையில் 11 காற்றாலைகள் எழுந்தன. ஒன்பது உழவர்களுக்குச் சொந்தம்; இரண்டு பொதுமக்கள் பங்கு வாங்கிய கூட்டுறவுக்குச் சொந்தம். பின்னர் கடலில் நிறுவிய பத்தில் ஐந்தை ஊராட்சி அமைப்பே வாங்கியது. எங்கே நிறுவலாம், எங்கே கூடாது என்பதை ஊர்க் கூட்டங்களில் பேசினார்கள். இறக்கை சுழன்றால் வரும்படி ஊருக்கே வந்தது.

எதிர்ப்பாளர்கள் கூறும் எல்லாமே சரியென்று கொள்ள வேண்டியதில்லை. காற்றாலையின் காதுக்கு எட்டாத ஒலியால் நோய் வருகிறது என்ற அச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. மறுபுறம், பருவநிலை மாறுவதால் குளிர்காலத்தில் மழை பெய்வது மிகுந்து, அதனால் துன்புறுவோரும் பனிமான் மேய்ப்பர்களே. காற்றாலை எங்கும் கூடாது என்பது அவர்கள் வாதமன்று. தங்களைக் காப்பாற்றும் மேட்டிலேயே அதை நிறுவியதைத்தான் எதிர்த்தார்கள்.

ஓர் இடத்தில் காற்றாலை அமைக்குமுன் ஓராண்டுக்கு மேல் காற்றின் வேகத்தை அளப்பார்கள். ஒரு மாத அளவை வைத்து எந்தப் பொறியாளரும் முடிவு செய்வதில்லை. அதே மேட்டில் எந்த மாதம் யார் வருகிறார்கள், எதை மேய்க்கிறார்கள், பஞ்ச காலத்தில் யார் அதை நம்பியிருக்கிறார்கள் என்பதையும் அதே பொறுமையோடு அளக்க வேண்டும். கோடையில் போய்ப் பார்ப்பவருக்கு ஸ்டூர்ஹையா ஒரு வெற்று மேடாகத்தான் தெரியும்.