பூனையைக் கண்டாலே பாயும் வளர்ப்பு நாய்... அடித்தால் அடங்குமா? என்ன செய்ய வேண்டும்?

காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறக்கிறீர்கள். காலுக்கு இடையில் புகுந்து வீட்டு நாய் வெளியே ஓடுகிறது. அடுத்த நொடி வேலி ஓரத்தில் ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பூனை நாயின் வாயில். பூனை பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை அன்றோடு நின்றுபோகும்.

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டியில் இருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கும் காடாம்புலியூர் போன்ற ஊர்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். முந்திரி, பலா தோப்புகளை ஒட்டி வீடுகள். பல வீடுகளுக்கு மதில் சுவர் கிடையாது, வேலிதான். தோப்புக் காவலுக்கு நாய், எலித் தொல்லைக்குப் பூனை. இரண்டுமே அவிழ்த்துவிட்டபடி திரியும். அப்படியானால் நாயை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

நாய்க்கு பூனை மேல் அப்படி என்ன கோபம்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் இது கோபமே இல்லை, வேட்டை. ஓநாய் வழியில் வந்த நாய்க்கு வேட்டை என்பது வரிசையாக நடக்கும் ஒரு செயல். இரையைக் கவனிக்கும், உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். அமெரிக்காவைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதி நாய்களின் நடத்தையை ஆராய்ந்து இந்த வரிசையை விளக்கி எழுதியிருக்கிறார்கள்.

எல்லா நாயிடமும் இந்த வரிசை ஒரே மாதிரி இருக்காது. ஆடு மேய்க்கும் பார்டர் கோலி பதுங்கும், துரத்தும். ஆனால் கடிக்காதபடி அந்த இனத்தை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி போன்றவை முயல் வேட்டைக்காகவே வளர்க்கப்பட்டவை. ஓடும் சின்ன உருவத்தைப் பார்த்தால் பாய்வது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. நாட்டு நாய்களிலும் இந்தக் குணம் கூடுதலாக உள்ளவை உண்டு.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. பயத்திலோ எல்லைக்காகவோ சண்டை போடும் நாய் உறுமும், குரைக்கும், முதுகு முடி சிலிர்க்கும். வேட்டைக்குப் போகும் நாய் சத்தமே போடாது. உடம்பு விறைக்கும், கண் ஒரே இடத்தில் நிற்கும், வாய் மூடிக்கொள்ளும். அந்த அமைதிதான் ஆபத்து. அதே சமயம், பூனையைத் துரத்தும் நாயெல்லாம் மனிதரையும் கடிக்கும் என்று அர்த்தம் இல்லை.

இதுவரை பூனையைக் கண்டுகொள்ளாத நாய் திடீரென்று கண்டதையெல்லாம் கடிக்கிறது, குரல் மாறிவிட்டது, எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியாமல் தவிக்கிறது என்றால் அது வேட்டைக் குணம் இல்லை. ரேபிஸாக இருக்கலாம். கிட்டே போகாமல், மற்றவர்களையும் விலக்கி வைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

'சூ... புடி!' யார் கற்றுக்கொடுத்தது?

கொஞ்சம் கசப்பான உண்மை இது. குட்டி நாயிடம் ஓணானையும் பூனையையும் காட்டி 'சூ... புடி' என்று ஏவிவிட்டு வேடிக்கை பார்க்காத தெரு குறைவு. குட்டி தத்தித் தத்தி ஓடுவது அழகாக இருக்கும். அதற்கு அது ஒரு பாடம். பூனையைத் துரத்தினால் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள், தட்டிக் கொடுக்கிறார்கள் என்று மனதில் பதிந்துவிடும். ஒரு வருஷம் கழித்து அதே நாய் பூனையைக் கவ்வினால் தடியை எடுக்கிறோம்.

குட்டி வயதில் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை பழகும் உயிர்களை நாய் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும். அந்த நேரத்தில் பூனையோடு வளர்ந்த நாய் வீட்டுப் பூனையோடு ஒரே சாக்கில் படுத்துத் தூங்கும். ஆனாலும் பக்கத்து வீட்டுப் பூனை ஓடினால் துரத்தலாம். 'எங்க வீட்டுல பூனையோடதான் இருக்கு, ஒண்ணும் பண்ணாது' என்று அலட்சியமாக விடக் கூடாது.

அடித்தால் அடங்காதா?

அடங்காது. காரணம் இரண்டு. ஒன்று, துரத்துவதே நாய்க்குப் பெரிய சந்தோஷம். பூனை கிடைக்காவிட்டாலும் ஓடியதே அதற்குப் பரிசு. திரும்பி வந்த பிறகு அடித்தால், 'வீட்டுக்கு வந்ததற்கு அடி' என்றுதான் அது புரிந்துகொள்ளும். அடுத்த முறை கூப்பிட்டால் வராது. இரண்டு, பூனையைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழுந்தால், பூனை வந்தாலே வலி என்று மனதில் பதிந்து வெறுப்பு கூடும். ஷாக் கொடுக்கும் காலருக்கும் இதே கதைதான்.

சரி, சங்கிலியில் கட்டிப்போட்டால்?

தற்காலிகமாகக் கட்டலாம். நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் கண் முன்னால் பூனை போவதைப் பார்த்துப் பார்த்து நாய் ஏங்கும், சங்கிலி அறுந்த அன்று பாய்ச்சல் இரண்டு மடங்காகும். இதில் சட்டமும் இருக்கிறது. 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, விலங்கை அதிகக் குட்டையான அல்லது அதிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் குற்றம்.

பயிற்சி: பாய்ச்சலை அல்ல, பார்வையைத் தடுங்கள்

ஓட ஆரம்பித்த நாய்க்கு நம் குரல் காதில் விழாது. அதனால் வேட்டை வரிசையின் முதல் படியிலேயே, உற்றுப் பார்க்கும்போதே வெட்டிவிட வேண்டும். வீட்டிலேயே செய்யலாம்.

1. முதல் வேலை ஒத்திகையை நிறுத்துவது. பயிற்சி முடியும்வரை கயிறு இல்லாமல் வெளியே விடாதீர்கள். ஒவ்வொரு முறை துரத்தும்போதும் பழக்கம் பலமாகிறது. பூனைகள் அதிகம் நடமாடும் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கூடுதல் கவனம் வேண்டும்.

2. பூனை இல்லாத இடத்தில் நாயின் பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரலோ முட்டையோ கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். தினமும் இரண்டு, மூன்று தடவை செய்யலாம்.

3. அடுத்து பூனை தூரத்தில் தெரியும் இடம். எவ்வளவு தூரத்தில் நாய் பூனையைப் பார்த்தும் உங்கள் குரலுக்குத் திரும்புகிறதோ, அதுதான் உங்கள் தொடக்கக் கோடு. சில நாய்க்கு 30 அடி, சில நாய்க்கு 100 அடி. பூனையைப் பார்க்கிறதா, பெயரைச் சொல்லுங்கள். திரும்பினால் தீனி. திரும்பவில்லை என்றால் கத்தாமல், இன்னும் பத்தடி பின்னால் போய்விடுங்கள்.

4. பல நாள் சரியாக வந்த பிறகுதான் தூரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அவசரப்பட்டு பூனையைப் பிடித்து நாயின் மூக்கருகே காட்டி 'பழக்கிவிடுவது' வேண்டவே வேண்டாம். பல பூனைகள் அப்படித்தான் சாகின்றன.

5. வேட்டை ஆசைக்கு வேறு வடிகால் கொடுங்கள். காலை, மாலை நல்ல நடை, கயிற்றில் கட்டிய பழைய துணிப்பந்தைத் துரத்துவது, சாக்கில் ஒளித்த தீனியை மோப்பம் பிடிப்பது எல்லாம் உதவும்.

6. வெளியே கூட்டிப்போகும்போது வாய்மூடி மாட்டலாம். கூடை மாதிரி உள்ளதை வாங்குங்கள். அதில் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தண்ணீர் குடிக்கும். இறுக்கிக் கட்டும் துணி வகை நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது.

'கருத்தடை செஞ்சா சரியாயிடுமா?' என்று பலர் கேட்பார்கள். ஊர் சுற்றுவது குறையலாம். ஆனால் வேட்டைக் குணம் அதனால் போகாது.

பூனைக்கும் ஒரு வழி வேண்டும்

பூனையைக் காப்பாற்றுவது உயரம். வேலி ஓரத்தில் ஒரு சாய்ந்த பலகை, ஏறிக்கொள்ள ஒரு மரம், நாய் தாவ முடியாத ஒரு திண்ணை மேடு இருந்தால் போதும். பூனைக்குச் சோறு வைப்பவர்கள் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். நாயின் கழுத்துப் பட்டையில் சலங்கை கட்டினால் பூனைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் பேசி, நாயை அவிழ்க்கும் நேரத்தைச் சொல்லி வைப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது.

கவ்விவிட்டால் என்ன செய்வது?

கையை நடுவில் விடாதீர்கள். வலியில் இருக்கும் பூனையும் கடிக்கும். பூனையைப் பிடித்து இழுக்கவும் கூடாது, சதை கிழியும். ஒரு வாளித் தண்ணீரை நாயின் முகத்தில் ஊற்றுங்கள், அல்லது கனமான சாக்கைத் தலைமேல் போடுங்கள். பிடி தளர்ந்ததும் நாயைக் கட்டிவிட்டு, பூனையைத் துண்டில் சுற்றி எடுங்கள்.

வெளியே இரண்டு பல் தடம்தான் தெரிகிறது என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே சதையும் எலும்பும் நொறுங்கியிருக்கலாம். அன்றே கால்நடை மருந்தகம் கொண்டுபோக வேண்டும். 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் கேட்கலாம். முக்கியமாக, வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம். ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம்.

உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். பூனையாலும் ரேபிஸ் பரவும். டாக்டர் சொல்லும் தவணைகளை ஒன்றுவிடாமல் முடிக்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் வருடா வருடம் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருந்தால் பாதி பயம் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேடிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொன்றின் மேல் ஏவிவிடுவது 1960 சட்டப்படி குற்றம். பழிவாங்க நாய்க்கு விஷம் வைப்பவர்களும் தப்ப முடியாது. விலங்கைக் கொன்றால், ஊனமாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மனிதருக்கு ஆபத்து வரும்படி வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விட்டால் அதே சட்டத்தின் 291-வது பிரிவு பாயும். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

எவ்வளவு பழக்கினாலும் மாறாத நாய்கள் உண்டு, குறிப்பாக ஏற்கெனவே பூனையைக் கொன்று ருசி கண்டவை. அந்த நாயைப் பூனைக்கு நண்பனாக்க முயற்சி செய்ய வேண்டாம். கயிறு, வாய்மூடி, நல்ல வேலி என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டால் போதும். வாசல் கதவைத் திறப்பதற்கு முன்னால் நாய் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பூனை உயிரோடு இருப்பதற்குப் பல நாள் அதுவே போதும்.