அலையும் தடையும்

கதவை அடைத்தால் கதிரவன் ஒளி உள்ளே வாராது. ஆயினும், அடைத்த அறையிலுள்ள வானொலிப் பெட்டி பாடுகின்றது, கைப்பேசி ஒலிக்கின்றது. ஒளியும் வானொலி அலையும் ஓரினத்தைச் சேர்ந்த மின்காந்த அலைகளே. இரண்டும் நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரைந்து செல்வன. அங்ஙனமிருக்க, ஒன்றைத் தடுக்கும் கதவு மற்றொன்றுக்கு வழிவிடுவது எவ்வாறு?

மின்காந்த அலைகளைப் பற்றி மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1865ஆம் ஆண்டில் கணித வழியே விளக்கினார். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்பார் ஜெர்மனியிலுள்ள கார்ல்ஸ்ரூ நகரில், 1888ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்தார். அலை வந்து சேருங்கால், அதனை ஏற்கும் கருவியில் சிறு மின்பொறி தோன்றும். இடையிலிருந்த மரக்கதவை அடைத்தபோதும் பொறி தோன்றியது. உலோகத் தகட்டை இடையில் வைத்தவுடன் பொறி மறைந்தது.

இதன் காரணம் பொருள்களின் இயல்பில் உள்ளது. உலோகத்தில் தடையின்றி ஓடும் எலெக்ட்ரான்கள் மிகுதி. அலை வந்து மோதியவுடன் அவை அசைந்து, அலையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உலர்ந்த மரத்தில் அத்தகைய எலெக்ட்ரான்கள் இல்லை. ஆதலின் அலையின் பெரும்பகுதி ஊடுருவிச் செல்கின்றது. நீர் அலையின் ஆற்றலை உறிஞ்சுமாதலின், ஈரச் சுவர் உலர்ந்த சுவரினும் மிகுதியாகத் தடுக்கும்.

அடுத்து ஹெர்ட்ஸ், மரச்சட்டம் ஒன்றில் செப்புக்கம்பிகளை இணையாகக் கட்டி, அதனை அலையின் வழியில் நிறுத்தினார். அலையிலுள்ள மின்விசை ஒரு குறித்த திசையிலேயே மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ அதிரும். இவ்வாறு அதிர்வு ஒரு திசையில் அமைவதைத் தளவிளைவு என்பர். நெட்டுக்குத்தான கம்பிகளினூடே நெட்டுக்குத்தாக அதிரும் அலை எளிதில் நுழையும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறு! கம்பியின் போக்கிலே அதிர்ந்த அலை தடுக்கப்பட்டது. கம்பிக்குக் குறுக்காக அதிர்ந்த அலை கடந்து சென்றது. கம்பியின் நீளவாக்கில் எலெக்ட்ரான்கள் ஓடக்கூடும். குறுக்கே ஓட இடமில்லை. ஆகவே, நீளவாக்கில் அதிரும் அலைக்கு அக்கம்பி வேலியே உலோகச் சுவராகிவிடுகின்றது.

இதனினும் வியப்பானது பிறிதொன்று. ஏற்கும் கருவியை அலையின் அதிர்வுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால் பொறி தோன்றாது. அந்நிலையில், இடையே கம்பிச் சட்டத்தை 45 பாகை சாய்த்து நிறுத்தியவுடன் பொறி மீண்டும் தோன்றியது. சாய்ந்த கம்பிகள் அலையின் ஒரு கூற்றைத் தடுத்து, எஞ்சிய கூற்றைச் சாய்வாக அதிருமாறு விடுத்தன. அச்சாய்ந்த அதிர்வின் ஒரு பகுதி கருவிக்கு இசைந்தது. தடை ஒன்று இடையில் வந்தமையாலேயே செய்தி சென்று சேர்ந்தது!

நம் நாட்டில் இத்துறையை வளர்த்தவர் ஜகதீச சந்திர போஸ். கல்கத்தாவில் ஆய்வு நடத்திய அவர், சில மில்லிமீட்டர் அளவே நீளமுள்ள அலைகளைத் தோற்றுவித்தார். புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே உலோகத் தாள்களைச் செருகி, அதனையே கம்பிச் சட்டம்போலப் பயன்படுத்தினார். முறுக்கிய சணல், அதிர்வின் திசையைச் சுழற்றும் என்பதையும் 1898ஆம் ஆண்டில் விளக்கினார்.

அலையின் நீளமும் கருதத்தக்கது. மத்திய அலை வானொலியில் ஓர் அலை சில நூறு மீட்டர் நீளமுடையது. அது சிறு குன்றுகளை வளைந்து கடந்துவிடும். கைப்பேசியின் அலையோ பெரும்பாலும் ஒரு முழத்தினும் குறுகியது. குன்றின் பின்புறத்தை அஃது எளிதில் எட்டாது. ஆயினும் நகரங்களில் அது சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, பல வழிகளில் வந்தடைகின்றது. அங்ஙனம் மோதும்போது அதன் அதிர்வுத் திசையும் மாறுகின்றது. ஆதலால், கோபுரம் கண்ணுக்குத் தெரியாத தெருவிலும், கைப்பேசியை எவ்வாறு சாய்த்துப் பிடித்தாலும் பேச முடிகின்றது.

இவ்வறிவு இடுக்கண் வந்துழி உதவுவது. உலோகத்தால் சூழப்பட்ட மின்தூக்கியினுள்ளும், இரும்புக் கம்பி செறிந்த கற்காரைச் சுவர்களுக்கு நடுவிலும் அழைப்பு தடைப்படக்கூடும். அக்காலத்துப் பலகணியின் அருகோ திறந்த வெளியோ செல்லுதல் நலம். சில அடி நகர்ந்து நிற்பதும் பயன் தரலாம். தடையைக் கண்டு மலைப்பவர்க்கு அது வெறுஞ் சுவர். அதன் இயல்பை ஆராய்ந்தவர்க்கு அதுவே வழியும் காட்டும்.