சம்மரில் சர்ஃபிங் கேம்ப்... பணம் கட்டும் முன் கடற்கரையில் அரை மணி நேரம் நில்லுங்கள்!

"அப்பா, இந்த லீவுக்கு நான் சர்ஃபிங் கத்துக்கப் போறேன். கோவளத்துல கேம்ப் இருக்காம்."

"கேம்ப்னா எத்தனை நாளுடா கண்ணு? எவ்வளவு கேக்கறாங்க?"

"முதல்ல அவளுக்கு நீச்சல் தெரியுமான்னு கேளுங்க. கடல்னா சும்மாவா? சுனாமி வந்த அன்னிக்கு டி.வி-ல பார்த்ததே எனக்கு இன்னும் போகல."

அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய உரையாடல்தான் இது. ஏரிகளும் தொழிற்பேட்டையும் சூழ்ந்த இந்தப் பகுதியில் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் கால் நனைப்பதோடு முடிந்துவிடும். இப்போது பிள்ளைகளின் செல்போனில் அலை மேல் பறக்கும் வீடியோக்கள் வருகின்றன. லீவு விட்டதும் ஆசை வந்துவிடுகிறது.

மகளின் ஆசை, அப்பாவின் கணக்கு, அம்மாவின் பயம் மூன்றிலுமே நியாயம் இருக்கிறது. மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பணம் கட்டுவதுதான் சரி.

கடலோரப் பிள்ளைகளின் விளையாட்டு

சர்ஃபிங்கைத் தமிழில் அலைச்சறுக்கு என்கிறோம். இதன் தாய்வீடு ஹவாய்த் தீவுகள். 1912, 1920 ஒலிம்பிக் போட்டிகளில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹானாமோகு என்ற ஹவாய்க்காரர்தான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் சர்ஃபிங் பதக்க விளையாட்டானது.

இந்தியாவில் இதற்கு விதை போட்டவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஜாக் ஹெப்னர். 'சர்ஃபிங் சுவாமி' என்று அழைக்கப்படும் அவர், கர்நாடகாவில் மங்களூரு அருகே முல்கியில் 2004-ல் ஒரு சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார்.

நம் ஊர்க் கதை கோவளத்தில் தொடங்குகிறது. மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன், சிறுவயதில் கையில் கிடைத்த பலகையை வைத்து அலையில் சறுக்கிப் பழகியவர். பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். தொழிலதிபரும் விண்ட்சர்ஃபிங் வீரருமான அருண் வாசு கைகொடுக்க, 2012-ல் கோவளத்தில் சர்ஃபிங் பள்ளி உருவானது. குடி கூடாது, புகை கூடாது, பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதுதான் ஊர்ப் பிள்ளைகளுக்கு அங்கே விதிக்கப்பட்ட கட்டணம்!

அடுத்த ஊரான மாமல்லபுரத்திலும் இதே கதைதான். அங்கே மீனவக் குடும்பத்தில் வளர்ந்த கமலி மூர்த்தி, தேசியப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் பட்டம் வென்றிருக்கிறார். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்திலேயே நடந்தது. அதில் கர்நாடகாவைச் சேர்ந்த ரமேஷ் பூதிஹால் வெண்கலம் வென்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. இந்தக் கடற்கரையில் சொல்லிக்கொடுப்பவர்களில் பலர், நடக்கப் பழகியதுமே கடலில் இறங்கியவர்கள். நீரின் நிறம் மாறுவதையும் காற்று திரும்புவதையும் பார்த்தே கடலின் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். கேம்ப்பைத் தேடும்போது கவனிக்க வேண்டியது விளம்பரப் படத்தின் அழகை அல்ல. சொல்லித்தருபவரின் இந்த அனுபவத்தைத்தான்.

எந்தக் கடற்கரை?

மேனாம்பேட்டிலிருந்து கோவளம் சுமார் 50 கிலோமீட்டர். பைபாஸ் பிடித்து வண்டலூர் வந்து, கேளம்பாக்கம் வழியாகப் போனால் நகர நெரிசலைத் தவிர்க்கலாம். பஸ்ஸில் போகிறவர்கள் திருவான்மியூர் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸைப் பிடிக்கலாம். கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. முதல்முறை போகிறவர்களுக்கும், ஒரே நாளில் வீடு திரும்ப நினைப்பவர்களுக்கும் இதுவே வசதி.

மாமல்லபுரம் இன்னும் கொஞ்சம் தூரம். ஓர் இரவு தங்கினால் சர்ஃபிங்கோடு சிற்பங்களையும் பார்த்துவிட்டு வரலாம். தாத்தா, பாட்டியோடு போகும் குடும்பத்துக்கு ஏற்ற இடம். புதுச்சேரி, ஆரோவில் பக்கமும் சர்ஃபிங் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால், அங்கே இரண்டு மூன்று நாள் தங்குவதாக இருந்தால்தான் பயணத்துக்குப் பலன் உண்டு.

முல்கி, வர்க்கலா போன்ற மேற்குக் கடற்கரை ஊர்களுக்கு மே மாதக் கடைசி சரிப்படாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அந்தக் கடல் புதியவர்களுக்கானது அல்ல. இலங்கையின் அறுகம்பேயில் ஏப்ரல், மே மாதங்களில்தான் சீசன் தொடங்குகிறது. உலகப் புகழ்பெற்ற இடம்தான். ஆனால், பிள்ளைக்கு இந்த விளையாட்டு பிடித்திருக்கிறதா என்று தெரியும் முன்பே விமான டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

கேம்ப்பா, ஒரு வகுப்பா?

பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒன்றிரண்டு மணி நேர வகுப்பு. இன்னொன்று, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துச் சில நாள்கள் நடக்கும் கேம்ப். நேராகக் கேம்ப்புக்குப் பணம் கட்டாமல், முதலில் ஒரே ஒரு வகுப்புக்கு அனுப்பிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி, பத்து முறை விழுந்து எழுந்த பிறகும் "நாளைக்கும் வரலாமா?" என்று கேட்கிற பிள்ளைக்குத்தான் கேம்ப். அப்படிக் கேட்காவிட்டால் ஒரு நல்ல பிக்னிக் போய்வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தொகை மிச்சம்.

கோடையில் காலை வகுப்பே நல்லது. சூரியன் ஏறிய பிறகு கடற்காற்று வீசத் தொடங்கினால் நீர் கலைந்து, அலைகள் ஒழுங்கில்லாமல் வரும். வெயில் வேறு வாட்டும். ஆறு மணி வகுப்பு என்றால் மேனாம்பேட்டில் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். முதல் நாள் இரவே பையைக் கட்டிவையுங்கள்.

கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்

போனில் "எவ்வளவு சார் ஆகும்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இவற்றையும் கேளுங்கள்.

1. பயிற்சியாளருக்குச் சான்றிதழ் உண்டா? சர்வதேச சர்ஃபிங் சங்கம் பயிற்சியாளர்களுக்குப் படிப்பு நடத்திச் சான்று தருகிறது. இந்தியாவில் சர்ஃபிங் கூட்டமைப்பு 2011 முதல் இயங்குகிறது. பள்ளி அதில் இணைந்ததா என்று கேளுங்கள். சர்ஃபிங் தெரிவது வேறு, தண்ணீரில் தத்தளிப்பவரை மீட்கத் தெரிவது வேறு. உயிர்காப்பு, முதலுதவிப் பயிற்சி இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

2. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? புதிய பிள்ளைகள் என்றால் மூன்று நான்கு பேருக்கு ஒருவர் இருந்தால் நிம்மதி. கூட்டம் கூடும் சனி, ஞாயிறைவிட வார நாள்கள் நல்லது.

3. என்ன பலகை தருவார்கள்? ஆரம்பத்தில் நீளமான, மேற்பரப்பு மெத்தென்று இருக்கும் ஃபோம் பலகைதான் வேண்டும். தலையில் பட்டாலும் பெரிய காயம் ஆகாது. பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு நைந்துபோகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. எவ்வளவு ஆழம்? முதல் வகுப்பு மணலில்தான் தொடங்க வேண்டும். குப்புறப் படுத்து, கை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து நிற்கப் பழக்குவார்கள். அதன் பிறகு இடுப்பளவு நீர், உடைந்து வரும் வெள்ளை நுரை அலை. அவ்வளவுதான். "முதல் நாளே பெரிய அலைக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று சொன்னால் மரியாதையாகப் போனை வைத்துவிடுங்கள்.

5. பெண்களுக்கு உடை மாற்றும் அறை இருக்கிறதா? வீட்டில் சொல்லத் தயங்கியே பல பெண் பிள்ளைகள் ஆசையை விட்டுவிடுகிறார்கள். முழுக்கை ராஷ்கார்டும் லெக்கிங்ஸும் போதும். அது வெயிலுக்கும் நல்லது, பலகை உரசிச் சிராய்ப்பதையும் தடுக்கும். தங்கும் கேம்ப் என்றால் இரவில் பெண் பொறுப்பாளர் இருப்பாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

6. கடல் சரியில்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான். "வகுப்பை ரத்து செய்துவிட்டு வேறு நாள் தருவோம்" என்ற பதில் உடனே வந்தால் நம்பலாம். "வந்தா கண்டிப்பா இறக்கிடுவோம்" என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

அமைதியாகத் தெரியும் இடமே ஆபத்து

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில், கடலில் இறங்கிய ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அது 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்த சமயம். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்று கிளப்பும் அலைகள், பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. திருடனைப்போலச் சத்தமில்லாமல் வருவதால்தான் அந்தப் பெயர். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. கிளம்பும் முன் அந்த அறிவிப்பைப் பாருங்கள்.

இன்னோர் ஆபத்து, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரை பொங்கும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரியும். "இங்கதான் அலை கம்மி" என்று பிள்ளைகளோடு அங்கேதான் பலர் இறங்குகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் பாதை அது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. களைத்துப்போவதுதான் மிச்சம். பதறாமல் மிதந்து, கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வர வேண்டும். பலகை இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது.

அதனால்தான் அரை மணி நேரம் கரையில் நின்று பார்க்கச் சொல்வது. அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் ஓயும். ஐந்து நிமிடம் மட்டும் பார்ப்பவர் ஓய்வைப் பார்த்துவிட்டு ஏமாந்துபோவார். நின்று பார்க்கும்போதே இன்னொன்றும் புரியும். பயிற்சியாளரின் கண் மாணவர்கள் மீது இருக்கிறதா, கையில் உள்ள செல்போன் மீது இருக்கிறதா? இதை எந்த வெப்சைட்டும் காட்டாது.

மீனவர்கள் படகு இறக்கும் இடத்திலும், வலை விரித்திருக்கும் இடத்திலும் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். அவர்களுக்கு அது பிழைப்பு நடக்கும் இடம்.

நீச்சல் தெரியாவிட்டால்?

"பலகை மிதக்குமே, நீச்சல் எதுக்கு?" என்று சிலர் சொல்வார்கள். நீச்சல் தெரியாதவர்களையும் இடுப்பளவு நீரில் வைத்துச் சொல்லித்தரும் பள்ளிகள் இருப்பதும் உண்மை. ஆனால், கயிறு அறுந்தால் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. சில நாள் கேம்ப்புக்கு அனுப்புவதாக இருந்தால் முதலில் நீச்சல், பிறகுதான் சர்ஃபிங். வேளச்சேரி நீச்சல் வளாகம், மெரினா நீச்சல்குளம் போன்ற பொதுக் குளங்களில் கோடையில் பயிற்சி நடக்கும். பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஏரியில் நீச்சல் பழக அனுப்பவே கூடாது. சேறும் திடீர்ப் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது.

வலிப்பு, ஆஸ்துமா, காதில் சீழ், சமீபத்தில் எலும்பு முறிவு என ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, பயிற்சியாளரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பையில் என்ன வைக்கலாம்?

மாற்று உடை இரண்டு செட், துண்டு, சன்ஸ்கிரீன், தொப்பி, நிறைய தண்ணீர், வாழைப்பழம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கக் கூடாது. இட்லியைக் கட்டிக்கொண்டு போய், வகுப்பு முடிந்ததும் சாப்பிட்டால் அதன் ருசியே தனி. நகை, கொலுசு வேண்டாம். ஜெல்லி மீன் பட்டு எரிந்தால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் நீரால் அலசிவிட்டு உடனே பயிற்சியாளரிடம் காட்டுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பயத்தை யாராவது கேலி செய்தால் கண்டுகொள்ளாதீர்கள். கடலை அறிந்தவர்கள் எல்லோருக்கும் கடல் மீது பயம் உண்டு. அந்தப் பயத்தைக் கேள்விகளாக மாற்றிக் கேட்டுவிட்டு, பதில் திருப்தியாக இருந்தால் மகளை அனுப்பிவையுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு வகுப்பில் சேருங்கள்.

அதுவரை ஹாலில் ஒரு பாயை விரித்து, குப்புறப் படுத்து, ஒரே மூச்சில் எழுந்து நிற்கப் பழகச் சொல்லுங்கள். தினமும் இருபது முறை. இந்தப் பயிற்சிக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. ஒரு வாரம் கழித்தும் அந்தப் பாய் விரிந்தே இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை நாலு மணிக்கு அலாரம் வைக்கலாம்.