எதிரே நிற்க ஓர் ஆள்

டயரை அடிக்கலாம். பழைய டயர் ஒன்றைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டு, இரண்டடிச் சொச்சம் நீளமுள்ள பிரம்பால் பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டே இருக்கலாம். பிலிப்பைன்ஸ் தடிச்சண்டை பழகுகிற பலர் அப்படித்தான் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வலு ஏற்றுகிறார்கள். டயரிடம் ஒரே ஒரு குறை: அது திருப்பி அடிக்காது. ஓங்கிய கையைப் பிடிக்காது, இடப்பக்கம் அடிப்பதுபோல் காட்டி வலப்பக்கம் இறக்காது, அசட்டையாக வீசினால் விரல் முட்டியில் ஒன்று வைத்து நினைவூட்டாது. ஆறு மாதம் டயரோடு மட்டும் பழகியவர் ஒரு மனிதர் முன்னால் வந்து நின்றால் முதல் நிமிடத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தக் கலைக்கு மூன்று பெயர்கள் உண்டு: ஆர்னிஸ், எஸ்கிரிமா, காலி. முதலாவது கவசத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்தும், இரண்டாவது வாள்வீச்சைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்தும் வந்தவை. மூன்றாவது அமெரிக்காவில் அதிகம் புழங்குவது. நம் காளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காலியாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான தற்காப்புக் கலைகள் வெறுங்கையில் தொடங்கி ஆயுதத்துக்குப் போகும். இங்கே பெரும்பாலும் தலைகீழ். முதல் நாளே கையில் பிரம்பு. அதே அசைவுகள்தான் பிறகு கத்திக்கும் வெறுங்கைக்கும் ஆகும். 2009 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் அரசு ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் சட்டம் போட்டு அறிவித்தது.

சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், பழகுகிறவர்களின் தினசரிக் கவலை ஒன்றுதான்: இன்றைக்கு எதிரே நிற்க யார் இருக்கிறார்கள்?

ஜோடி இல்லாமல் ஏன் ஆகாது என்பதை இரண்டு பயிற்சிகளைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். ஒன்று சினவாலி. மூங்கில் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் குடிசைச் சுவருக்கு வைக்கும் தட்டிக்குப் பிலிப்பைன்ஸில் சவாலி என்று பெயர். அந்தப் பின்னல்தான் சினவாலி. ஆளுக்கு இரண்டு பிரம்பு. மேலே, கீழே, மேலே என்று வலக்கையும் இடக்கையும் மாறி மாறி வீச, இருவரின் பிரம்புகளும் நடுவில் சந்திக்கின்றன. கேட்பதற்குக் கோலாட்டம் போலவே இருக்கும். வேறுபாடு என்னவென்றால், மேலே போகும் அடி எதிராளியின் நெற்றிப்பொட்டைக் குறிவைத்தது. கீழே போவது முழங்காலை. குறுக்கே அவருடைய பிரம்பு வந்து நிற்பதால்தான் தாளம் கேட்கிறது.

இன்னொன்று ஹுபுத் லுபுத். அவிழ்ப்பது, கட்டுவது என்று பொருள் சொல்வார்கள். ஒருவர் வலக்கையை மேலிருந்து இறக்குகிறார். மற்றவர் அதை இட முன்கையில் ஏந்தி, தன் வலக்கையை அடியில் நுழைத்து அந்தக் கையைப் பக்கவாட்டில் தள்ளி, இடக்கையால் அமுக்கிவைத்து, இப்போது தன் வலக்கையை இறக்குகிறார். முதலாமவரும் அதையே செய்கிறார். சுற்றிச் சுற்றி இதுதான், நிற்பதே இல்லை. கொஞ்ச நேரத்தில் கண் தேவைப்படாது. எதிராளியின் முன்கை எந்தப் பக்கம் கனக்கிறது, எப்போது தளர்கிறது என்பதைத் தோலே சொல்லிவிடும். காற்றில் கையை வீசி இதைப் பழக வழியே கிடையாது.

அடி கொடுப்பவரைச் சும்மா எடுபிடி என்று நினைத்துவிடக் கூடாது. பாடத்தில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது. மெதுவாக, ஆனால் உண்மையான இடத்தை நோக்கி, உண்மையான தூரத்திலிருந்து அடி வர வேண்டும். வலிக்குமே என்று தலைக்கு அரையடி தள்ளி வீசும் நல்ல மனசுக்காரரிடம் பழகினால், தற்காத்துக்கொள்ளத் தேவையே இல்லாத அடியைத் தற்காக்கத்தான் கற்றுக்கொள்வோம்.

இப்படி ஆள் கிடைப்பது ஒரு காலத்தில் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்குக் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரம் சாட்சி. 1920களிலும் 30களிலும் ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் அமெரிக்கப் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்கு வந்தார்கள். ஸ்டாக்டனைச் சுற்றி அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறி விளையும் வயல்கள். குனிந்தபடியே அறுக்க வேண்டும். எல் டொராடோ தெருவை ஒட்டிய பகுதிக்குக் குட்டி மணிலா என்றே பெயர் விழுந்தது. முடிதிருத்தும் கடை, சாப்பாட்டுக்கடை, நடனக்கூடம் எல்லாம் அங்கே இருந்தன. இல்லாதது குடும்பம். வந்தவர்களில் பெண்கள் மிகக் குறைவு. வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கக் கலிபோர்னியச் சட்டம் 1948 வரை இடம் கொடுக்கவில்லை. பலர் கட்டைப் பிரம்மச்சாரிகளாகவே கிழவர்களானார்கள். அவர்களை எல்லோரும் மனோங் என்று அழைத்தார்கள். இலோகானோ மொழியில் மூத்த அண்ணன். நம் அண்ணாச்சி மாதிரி.

அந்த அண்ணாச்சிகளில் சிலருக்கு எஸ்கிரிமா தெரியும். ஆனால் தெரியும் என்பதே வெளியில் தெரியாது. தங்களுக்குள், நம்பிக்கையான ஆட்களோடு, கதவைச் சாத்திக்கொண்டு பழகினார்கள். வெளியாருக்குச் சொல்லித்தரும் வழக்கமே கிடையாது. ஊர் விட்டு ஊர் வந்து கூலி வேலை பார்ப்பவனுக்கு, தன் கையில் இருக்கும் கடைசித் துருப்பை ஊருக்கே காட்ட மனம் வராது என்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

டேன் இனோசான்டோ 1936-ல் அந்த ஸ்டாக்டனில்தான் பிறந்தார். ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்துவிட்டு வந்து, எட் பார்க்கர் என்ற ஆசானிடம் கென்போ கராத்தே பயின்றார். உங்கள் ஊர்க் கலையைத் தேடிப் பாருங்கள் என்று தூண்டியவர் பார்க்கர்தான். சொந்த ஊருக்குத் திரும்பி விசாரித்தபோது, தடியில் தேர்ந்த ஆசான்கள் அங்கேயே, தன் வீட்டாருக்குப் பழக்கமான வட்டத்திலேயே இருக்கிறார்கள் என்பது தெரியவந்தது. ஜான் லாகோஸ்டே, ஏஞ்சல் கபாலெஸ், மேக்ஸ் சார்மியென்டோ, லியோ ஹிரோன் என்று பலரிடம் அவர் கற்றார். புரூஸ் லீயின் நண்பராகவும் மாணவராகவும் உலகம் அறிந்த இனோசான்டோ, பின்னாளில் இந்தக் கலையை உலகெங்கும் கொண்டுபோனவர்களில் முதல் வரிசை ஆள். பால்யத்தில் பார்த்த அதே தெருவில்தான் அவருக்கு ஆசான்கள் கிடைத்தார்கள்.

1966-ல் ஏஞ்சல் கபாலெஸ் ஸ்டாக்டனில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று எஸ்கிரிமா பள்ளி ஒன்றைத் திறந்தார். அமெரிக்காவில் பொதுமக்களுக்குத் திறந்த முதல் எஸ்கிரிமா பள்ளி என்று அதைச் சொல்வார்கள். அவரைத் தூண்டி, தோள்கொடுத்து நின்றவர் சார்மியென்டோ. வயலில் அஸ்பாரகஸ் அறுத்த கைதான் கபாலெஸின் கை. இரண்டு வருடம் கழித்து, 1968-ல், லியோ ஹிரோனும் சொல்லித்தர ஆரம்பித்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பிடியிலிருந்த பிலிப்பைன்ஸுக்குள் ரகசியமாக இறங்கி, காட்டில் வாளோடு போரிட்டவர். அவர் மனம் மாறக் காரணமாகச் சொல்லப்படுவது 1966-ல் சிகாகோவில் ஒரே இரவில் எட்டு இளம் செவிலியர் கொல்லப்பட்ட சம்பவம். அவர்களில் இருவர் பிலிப்பைன்ஸ் பெண்கள். தெரிந்ததை மூடி வைத்து யாருக்கு என்ன பயன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

கதவு திறந்த அதே காலத்தில் தெரு போய்விட்டது என்பது வேறு கதை. நகரின் குறுக்கே போட்ட நெடுஞ்சாலைக்காகக் குட்டி மணிலாவின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது.

பிலிப்பைன்ஸிலேயே இந்தக் கலைக்குத் தாய்வீடு என்று சொல்லத்தக்க ஊர் செபு. அங்கே 1932-ல் தோன்றிய டோசே பாரெஸ் சங்கம் இன்றும் இருக்கிறது. கன்யேட்டே குடும்பத்தாரின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து பிரிந்த வெனான்சியோ பகோன் 1952-ல் பாலின்தவாக் என்ற இன்னொரு சங்கத்தைத் தொடங்கினார். பெயர் பெரிதாகத் தோன்றலாம். உண்மையில் அது ஒரு சின்னத் தெருவின் பெயர். அந்தத் தெருவில் அவருடைய மாணவர் ஒருவர் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அதன் பின்கட்டில்தான் பயிற்சி.

பகோன் கற்பித்த விதத்துக்கு அந்த இடமே தாராளம். ஆசான் ஒருவர், மாணவர் ஒருவர், கைக்கொரு பிரம்பு. ஆசான் எந்த வரிசையும் இல்லாமல் அடிகளை அனுப்புவார். மாணவர் சமாளிக்க வேண்டும். அடுத்த அடி எது என்று தெரியாது, மனப்பாடம் உதவாது. இதில் ஒரு சிக்கல்: பத்து மாணவர்கள் வந்தால் ஒன்பது பேர் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். பகோனின் சீடர்களான ஹோசே வில்லாசினும் தியோஃபிலோ வெலெஸும் பிறகு அந்த அடிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, கூடுதல் பேருக்குச் சொல்லித்தரும்படி அடுக்கினார்கள். ஆனாலும் இன்றுவரை பாலின்தவாக் ஆட்கள் ஒருவருக்கொருவர் என்ற முறையை விட்டுக்கொடுப்பதில்லை.

சங்கம் என்றால் சொந்தம் மட்டுமல்ல, பகையும்தான். செபுவில் டோசே பாரெஸ்காரர்களும் பாலின்தவாக்காரர்களும் பல ஆண்டுகள் முறைத்துக்கொண்டே திரிந்தார்கள். உரசல்கள் தெருவரை வந்ததுண்டு. 1979-ல் அதே செபுவில் நடந்த ஆர்னிஸ் போட்டி எதிரெதிர் ஆட்களை ஒரே களத்துக்குக் கொண்டுவந்தது. எதிரியும் ஒரு வகைப் பயிற்சித் துணைதான் என்று சொன்னால் இரு தரப்பும் கோபித்துக்கொள்ளக்கூடும்.

பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் விஷயத்தில் மிகப் பெரிய காரியம் செய்தவர் பிலிப்பைன்ஸ் ஆசான் ரெமி பிரெசாஸ் என்று தோன்றுகிறது. செய்தது சின்ன மாற்றம்தான். பழைய முறையில் பயிற்சியின்போது எதிராளியின் கையைத்தான் அடிப்பார்கள். சண்டைக்கு அது சரி. ஆயுதம் பிடித்த கை உடைந்தால் ஆயுதம் தானே விழும். ஆனால் முதல் வாரமே முட்டி வீங்கிய மாணவன் இரண்டாம் வாரம் வரமாட்டான். பிரெசாஸ் கைக்குப் பதில் தடியைத் தடியால் அடிக்கச் சொன்னார். கனத்த மரத்தடிக்குப் பதில் பிரம்பை வற்புறுத்தினார். பிரம்பு உடைந்தால் சிலாம்பாகத் தெறிக்காது. நார் நாராகப் பிரியும். பயந்து ஓடியவர்கள் தங்க ஆரம்பித்தார்கள். 1970களின் நடுவில் அமெரிக்கா போனவர், 2001-ல் இறக்கும்வரை ஊர் ஊராகப் பயிலரங்கும் முகாமும் நடத்தினார்.

அந்த வாரக்கடைசிப் பயிலரங்குகள் பாடத்துக்கு மட்டும் நடப்பவை அல்ல. ஊருக்கு ஒருவர் இருவராகத் தனித்துப் பழகிக்கொண்டிருப்பவர்கள் சந்திக்கும் சந்தை அது. ஆசான் கைதட்டினால் ஜோடி மாற வேண்டும். ஆறடி உயரக்காரரிடமிருந்து ஐந்தடிக்காரரிடம், அங்கிருந்து ஓர் இடக்கைக்காரரிடம். இடக்கைக்காரர் கிடைத்தால் விடவே கூடாது. எல்லா அடியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டு வரும்; ஒரே நண்பரோடு மூன்று வருடம் பழகி வந்த தன்னம்பிக்கை மூன்று நிமிடத்தில் கழன்றுவிடும்.

கூடம்தான் வேண்டும் என்றில்லை. மணிலாவின் லுனேட்டா பூங்காவில் ஞாயிறு காலைகளில் மரநிழலில் சிறு சிறு குழுக்கள் தடியோடு நிற்பதைப் பார்க்கலாம். லாமெக்கோ முறையை வகுத்த எட்கர் சுலிட்டே 1997-ல் இறப்பதற்கு முன் லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்றுவித்த ஒரு குழுவைக் கொல்லைப்புறக் குழு என்றே அழைக்கிறார்கள். வீட்டின் பின்னால் தேர்ந்தெடுத்த சிலர், அவ்வளவுதான். இதன் மறுகோடியில் டாக் பிரதர்ஸ். 1980களின் இறுதியில் கலிபோர்னியாவில் சேர்ந்த இந்தக் குழு, வாள்வீச்சு முகமூடியும் லேசான கையுறையும் மட்டும் அணிந்து நிஜப் பிரம்பால் முழு வேகத்தில் மோதும். நடுவர் இல்லை, வெற்றி தோல்வி அறிவிப்பு இல்லை. ஒரே விதி: பொழுது சாயும்போது எல்லோரும் நண்பர்களாக வீடு திரும்ப வேண்டும். கேட்பதற்கு வேடிக்கை. ஆனால் மண்டையைப் பிளக்கக்கூடிய தடியை ஒருவர் கையில் கொடுத்து எதிரே நிற்க வேண்டுமானால், அவரை நம்புவதைத் தவிர வேறு கவசம் ஏது?

2002-ல் வந்த ‘தி போர்ன் ஐடென்டிட்டி’ படத்தில் நாயகன் கையில் கிடைத்த பேனாவோடு கத்திக்காரனைச் சமாளிக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் ஏராளம். அந்தப் படத்தின் அடுத்தடுத்த பாகங்களில் சண்டைகளை அமைத்த ஜெஃப் இமாடா, இனோசான்டோவின் மாணவர். படம் பார்த்து வருபவர்கள் வகுப்பைத் தேடும்போது ஆசானின் பட்டத்தையும் சுவரில் தொங்கும் சான்றிதழையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, பழைய மாணவர்கள் புதியவர்களோடு எப்படி நிற்கிறார்கள் என்று கவனித்தால் போதும். புதியவரின் கை தடுமாறும்போது வேகத்தைக் குறைக்கிறார்களா, அல்லது கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட அதுதான் சமயம் என்று தடியைப் பிடுங்குகிறார்களா? கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போடச் சொல்கிறார்களா? பிரம்பு கண்ணைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

வகுப்பே இல்லாத ஊரிலிருப்பவர்களுக்குப் பழைய ஆட்கள் சொல்லும் வழி எளியது. பக்கத்திலிருக்கும் குத்துச்சண்டை, ஜூடோ கூடங்களில் ஆர்வமுள்ள ஒருவரைப் பிடிக்கலாம். அதுவும் இல்லையா, தம்பியோ மனைவியோ அலுவலக நண்பரோ, பத்து நிமிடம் எதிரே நிற்கச் சம்மதித்தால் போதும். சினவாலியின் முதல் ஆறு அடிகளை ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தாளம் பிடிபட்ட பிறகு அவர்களாகவே, நாளைக்கும் உண்டா என்று கேட்பது நடக்கிற விஷயம்தான்.

பழகியவர்களின் பைகளைத் திறந்து பார்த்தால் ஒன்று கண்ணில் படும். தனக்கு ஒரு ஜோடி பிரம்பு போதும். உள்ளே இரண்டு ஜோடி இருக்கும். இரண்டாவது ஜோடியின் கைப்பிடி அவ்வளவாகக் கறுத்திருக்காது.