“பேந்து விக்கேக்க போகுமோ?”

வாசலில் ஒரு வாகனம் – 9

வான் ஒன்று எடுக்க நினைக்கிறேன் என்று புத்தூர்ச் சந்தியில் வாய்விட்டுப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது என்று எவரும் கேட்கமாட்டார்கள். “அது பேந்து விக்கேக்க போகுமோ?” என்றுதான் கேட்பார்கள். அடுத்த மூச்சில் விடையும் வந்துவிடும். “ஹயஸ் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ. வைச்சிருந்தாலும் காசு, வித்தாலும் காசு.”

மோட்டச் சைக்கிளில் நான்கு பேர் போகும் கணக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். மூன்றாவது பிள்ளை பிறந்ததும் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அம்மம்மாவையும் சேர்த்தால் ஆறு பேர். ஓட்டோவில் அடைய முடியாது. காரிலும் ஒருவர் மடியில்தான் இருக்கவேண்டும். அப்போதுதான் வான் பேச்சு எடுபடுகிறது. ஆனால் பேச்சுத் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் அந்த ஆறு பேரும் மறக்கப்பட்டு, முகம் தெரியாத ஏழாவது ஆள் ஒருவர் உள்ளே வந்து குந்திவிடுகிறார். நாளைக்கு இந்த வானை எங்களிடம் வாங்கப்போகிறவர் அவர். நிறம், இலக்கத் தகடு, எஞ்சின் எல்லாம் அவருடைய விருப்பத்துக்குத்தான் தெரிவாகின்றன.

இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. இங்கிலாந்தில் செய்த பழைய ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்பிடித்து, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. நோயாளியையும் பெண் மாப்பிள்ளையையும் அவைதான் ஏற்றின. வாகனம் என்றால் சாகாத ஒன்று, திருத்தித் திருத்தி வைத்திருக்கவேண்டிய ஒன்று என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. பிறகு 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரி 1 இல். அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வான் வைத்திருந்தவர்கள் வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு விற்றார்கள். ஓடி ஓடித் தேய்ந்த பொருள் விலை ஏறுவதைக் கண்ணால் கண்ட சனத்திடம், வான் முதலீடு இல்லை என்று சொன்னால் சிரிக்கும்.

ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் சொந்தங்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே மினிவானின் விலை ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போகும். அதனால் எத்தனை பிள்ளை, எத்தனை கதவு என்று பார்த்து எடுக்கிறார்கள். 1983 இன் கடைசியில் கிறைஸ்லர் கொம்பனி கனடாவின் வின்சர் நகரில் செய்யத் தொடங்கிய வான்தான், பின்னாளில் டொட்ஜ் கிராண்ட் கரவான் என்ற பெயரில் அங்குள்ள தமிழ் வீடுகளின் முன்னாலும் நின்றது. குடும்பத்துக்கென்றே வரைந்த வாகனம் அது. தாழ்ந்த தளம், கார் போல எஞ்சின் முன்னால்.

ஹயஸ் அப்படிப் பிறந்ததல்ல. சுப்பர் ஜீ.எல். என்று நாங்கள் ஆசையோடு சொல்லும் வானுக்கு யப்பானில் சரக்கு வாகனம் என்றுதான் பதிவு. சாமான் ஏற்றும் இடம் ஆட்கள் இருக்கும் இடத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆகவே அது இரண்டு வரிசையோடு ஐந்து இருக்கை வானாகத்தான் வெளியே வருகிறது. சரக்கு வானை முதல் இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும். அந்தச் செலவுக்கு அலுத்தும் யப்பான்காரர் வானைத் தள்ளிவிடுகிறார். இங்கே அது இரட்டைப் பயன்பாட்டு வாகனம் என்று பதிவாகி, பின்னால் குஷன் கடைக்காரர் இன்னும் இரண்டு வரிசை போட்டு, குடும்ப வானாகிறது.

ஆகவே இரண்டாம் கை ஹயஸ் பார்க்கப் போனால் சீற்றின் மேலுறையைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனியுங்கள். பின் வரிசைகள் எதில் பூட்டப்பட்டிருக்கின்றன? வெறும் தகட்டில் ஓட்டை போட்டு நட் இறுக்கியிருந்தால், சடுதியாகப் பிரேக் பிடிக்கும்போது சீற்றோடு பிள்ளையும் முன்னுக்கு வரும். அடியில் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டியிருக்கவேண்டும். பட்டி உண்டா என்றும் பாருங்கள். பழைய வான்களின் பின் சீற்றுகளில் பெரும்பாலும் இருக்காது. எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில் இருப்பதால் முன்னால் இருப்பவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லொறிக்கும் நடுவில் ஒரு சாண் தகடுதான். சின்னவனை அங்கே மடியில் வைத்துக்கொண்டு ஏ-9 வீதியில் போவது எந்தப் பெயர் போன வானிலும் பாதுகாப்பாகாது. நடு வரிசைதான் பிள்ளைகளின் இடம்.

இருக்கை எண்ணிக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண இலகு வாகன அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டக்கூடியது சாரதியோடு சேர்த்து ஒன்பது இருக்கை வரைதான். “பதினாலு பேர் தாராளமாப் போகலாம்” என்று விற்பவர் பெருமைப்படும்போது, பதிவுப் புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று கேளுங்கள்.

அளவுக்கு வருவோம். நாங்கள் அதிகம் காணும் ஒடுங்கிய ஹயஸ் 4.7 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளம், 1.7 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலம். யப்பானில் சிறிய வாகன வகுப்பின் எல்லையே அந்த 4.7ம் 1.7ம்தான். அகன்ற ஹயஸ் 1.88 மீற்றர். பெரியவீதியில் இந்த வித்தியாசம் தெரியாது. வேலிகள் மதில்களாகிவிட்ட எங்கள் ஒழுங்கைகளில் முடக்குத் திரும்பும்போது தெரியும். வீட்டு கேற்றையும் முடக்கையும் நாடா பிடித்து அளந்துகொண்டு போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஆறு பேர் வீட்டுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ரவுன்ஏஸ், லைற்ஏஸ் வகை. 1996 இல் வந்த ரவுன்ஏஸ் நோவா ஹயஸைவிடக் கட்டை. மூன்று வரிசை உள்ளவை யப்பானிலேயே ஆட்களுக்கென்று செய்தவை, கடைசி வரிசையும் தொழிற்சாலையில் பூட்டியது. 2001 இல் வந்த நோவா முன்சில்லு இழுக்கும் வேறொரு வாகனம், தளம் தாழ்வு. முழங்கால் வருத்தம் உள்ள அம்மம்மா ஒருதரின் கையைப் பிடிக்காமல் ஏறுவார். சுசுக்கி எவ்ரி மலிவு, ஒழுங்கைக்கு அச்சாவான சாமான், ஆனால் அது 3.4 மீற்றர் நீளமும் 660 சீசீ எஞ்சினும் உள்ள யப்பானின் குட்டி வகுப்பு. அந்த வகுப்பில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற அங்கே சட்டம் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு நின்றுவிட்ட வீட்டுக்கு அது போதும்.

“கொழும்புக்குப் போகேக்க சாமான் வைக்க இடம் வேணுமே?” என்பார்கள். ஆண்டில் எத்தனை தரம் போகிறீர்கள்? 2022 இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது வானுக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் முதலில் தந்தார்கள். 2023 செப்ரெம்பர் முதலாந் திகதி அது நீக்கப்படும்வரை பல குடும்பங்கள் பங்கீட்டோடுதான் வாழ்ந்தன: பள்ளிக்கூடம், ரியூசன், அச்சுவேலிச் சந்தை, ஆஸ்பத்திரி, நல்லூர்க் கொடியேற்றம். உங்கள் வானின் உண்மையான வேலை அந்த மாதங்களில் ஓடியதுதான். கொழும்புப் பயணத்துக்கு வாடகைக்குப் பிடித்தாலும் கணக்கில் மிச்சம் வரும்.

பெயரைவிடப் பெரிய கேள்வி, இந்த வான் இதுவரை என்ன தொழில் பார்த்தது என்பது. ஓட்டமானி அதைச் சொல்லாது. அதைத் திருப்புவது இங்கே ஒரு கைத்தொழில். மற்ற உறுப்புகள் சொல்லும். எயார்போட் ஹயர் ஓடியது என்றால் கட்டுநாயக்காவுக்கு ஒரு போக்கே 350 கிலோமீற்றருக்கு மேல். கிலோமீற்றர் கூடத்தான், ஆனாலும் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடிய எஞ்சின் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். அதைவிட நான் பயப்படுவது பள்ளிக்கூட வானுக்கு. தூரம் குறைவு என்று காட்டுவார்கள். ஐம்பது யாருக்கு ஒருதரம் நின்று எடுத்ததில் கிளச்சும் கியரும் போயிருக்கும். இழுவைக் கதவை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். உருளை தேய்ந்து கதவு கீழே தொங்கினால், நாளுக்கு எத்தனை பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள் என்று அது சொல்கிறது. பிரேக் மிதியின் றப்பர் மழுமழுவென்று இருக்க, மானி மட்டும் 60,000 காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை, மீன் ஏற்றிய வான். கரையோர ஊர்களில் இருந்து விற்பனைக்கு வருவதில் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். மணத்தைக் கழுவிவிடலாம், ஐஸ் பெட்டியில் இருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் செய்த வேலையைக் கழுவ முடியாது. தளத்து விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். புதிதாகக் கறுப்பு மை அடித்திருந்தால் திருப்புளி முனையால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், கறள் தின்ற இரும்பு பொத்தென்னும். “மை இப்பதான் அடிச்சது, கீறாதேங்கோ” என்று விற்பவர் பதறினால் கட்டாயம் கீறிப் பாருங்கள்.

கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய தட்டிவானை நினைக்கும்போது ஒன்று தோன்றும். மரக்கறி, தேங்காய், பாய்க்கட்டு, சைக்கிள், ஆட்கள் எல்லாம் ஒன்றாக ஏறின அந்த மரக்கூட்டு வாகனத்தில் ஒளிக்க எதுவும் இருக்கவில்லை. அது பட்ட பாடெல்லாம் வெளியே தெரிந்தது.

எஞ்சின் விடயத்தில் ஊர்ப்பேச்சோடு நான் பாதிதான் ஒத்துப்போவேன். டொல்பின் என்று நாங்கள் சொல்லும் பழைய ஹயஸ் காலத்து 3எல், அதற்குப் பின்வந்த 5எல் டீசல் எஞ்சின்களைப் புத்தூரில் எந்த கராஜிலும் கழற்றிப் பூட்டுவார்கள். இரைச்சல் உண்டு, இழுவை குறைவு, ஆனால் கைக்குள் அடங்கும். 2004 க்குப் பின்வந்த ஹயஸில் இருக்கும் 1கேடி, 2கேடி எஞ்சின்கள் கணினி கட்டுப்பாட்டில் மிகக் கூடிய அழுத்தத்தில் டீசல் பீச்சுபவை. ஓட்டத்துக்குத் திறம். ஆனால் மண்ணெண்ணெய் கலந்த டீசலை அவற்றின் இன்ஜெக்டர்கள் மன்னிக்காது. நான்கு இன்ஜெக்டரும் மாற்றும் செலவை முன்கூட்டியே விசாரித்து, அந்தக் காசை வான் விலையோடு கூட்டி வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பார்க்கப் போவதானால் விடியற்காலையில் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும். நீங்கள் போக முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். ஸ்ராட் பண்ணி, ஒயில் மூடியைத் திறந்து, அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் உள்ளே தேய்மானம். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ஏறத்தாழ 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றவேண்டியது. குளிர்ந்திருக்கும்போதே றேடியேற்றர் மூடியையும் திறக்கவேண்டும். நிலாவரைக் கிணறு இருக்கும் இந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கேத்தல் அடியில் வெள்ளை படிவது எல்லா வீட்டிலும் தெரிந்த விடயம். கூலன்ற் வாங்கப் பஞ்சிப்பட்டுக் கிணற்றுத் தண்ணீர் விட்டவரின் றேடியேற்றருக்குள்ளும் அதே வெள்ளைதான் இருக்கும்.

நிறம் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளை ஹயஸ்தான் கெதியாக விலைபோகும் என்பார்கள். ஆனால் ஆட்களைக் கடத்திய அந்த ஆண்டுகளில் வெள்ளை வான் என்ற சொல்லுக்கே இங்கே வேறு பொருள் இருந்தது. வாசலில் அது வந்து நிற்பதைப் பார்க்க முடியாத ஒரு தாய் உங்கள் வீட்டில் இருந்தால், விலை நாலு காசு குறைந்தாலும் வேறு நிறம் எடுங்கள். அந்த ஏழாவது ஆளை இதற்குள் இழுக்காதேங்கோ.

கடைசியாகக் கடதாசி. உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணை, புத்தகத்தில இருக்கிற பேர் ஆற்றை?”

“அவர் இப்ப லண்டனில தம்பி. சைன் வைச்ச பேப்பர் கிடக்கு. நான் அவரிட்ட வாங்கினவரிட்ட வாங்கினனான்.”

இதைத்தான் ஓப்பின் பேப்பர் என்கிறோம். எம்.ரீ.ஏ. 6 படிவத்தில் பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்து, திகதி போடாமல் கைமாறிக்கொண்டே போகும். 14 நாட்களுக்குள் பெயர் மாற்றவேண்டும் என்கிறது சட்டம். மாற்றாத வானை எவரோ விபத்தில் மாட்டினால் பொலிஸ் தேடிப்போவது புத்தகத்தில் உள்ளவரைத்தான். மாற்றாத வானுக்குக் காசு கொடுத்த உங்களிடம் அது உங்களுடையது என்று காட்ட ஒன்றும் இருக்காது. புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் கிடந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வராமல் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள். சசி இலக்கத்தை வானில் தேடி, துணியால் துடைத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். சுற்றிவர உரோஞ்சிய அடையாளமோ ஒட்டோ தெரிந்தால் வெட்டி ஒட்டிய வானாக இருக்கலாம். புத்தகத்தில் முன்னைய சொந்தக்காரர்களின் பெயர்களும் இருக்கும். முடிந்தால் அவர்களில் ஒருவருக்குத் தொலைபேசி எடுங்கள். வானை விற்றுக் காசெண்ணி முடித்தவருக்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை.

இவ்வளவும் சரிவந்தால் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு வல்லைவெளிவரை ஓடிப் பாருங்கள், ஏசி போட்டபடி. தனியே ஓட்டும்போது சிங்கம் போல இழுக்கும் வான் ஆறு பேரோடு என்ன செய்கிறது என்று அந்த வெளிக் காற்றில் தெரிந்துவிடும். பின்சீற்றில் இருப்பவர்களிடமும் கேளுங்கள். அம்மம்மாவுக்கு இடுப்பு நோகுதா, சின்னவளுக்குச் சத்தி வருதா என்பதை எந்த மெக்கானிக்கும் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

லீசிங் எடுத்து வாங்குகிறவர்களின் வட்டிக் கணக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)