முகமூடிக் கடிதங்கள்

பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைக்கும் மாணவிக்கு முதல் சில நாள்களிலேயே இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, கழுத்தில் தொங்கவிடும் அடையாள அட்டை. மற்றொன்று, கண்ணுக்குப் புலப்படாதது: ஒரு மின்னஞ்சல் முகவரியும் அதற்குரிய கடவுச்சொல்லும். அட்டை தொலைந்தால் பதறிப்போய்த் தேடுவாள். கிடைக்காவிட்டால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வேறொன்று வாங்குவாள். கடவுச்சொல் களவு போனாலோ, போனது தெரியாமலே பல நாள்கள் கழிந்துவிடும். ஏனெனில், களவு கொடுத்தவளிடமும் அது இருந்துகொண்டேதான் இருக்கும்!

அந்த ஒரு சாவி எத்தனை கதவுகளைத் திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல், விடுதிக் கட்டணம், நூலகம், உதவித்தொகை விண்ணப்பம், பேராசிரியருக்கு அனுப்பும் கட்டுரை ஆகிய பலவும் அதற்குப் பின்னாலே உள்ளன. இவற்றைப் பேணுவதற்கென்றே பல்கலைக்கழகங்களில் கணிப்பொறி மையம் என்றொரு பிரிவு இருக்கிறது. மேல் வகுப்பில் பயிலும் நம் தோழியர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் அதன் படியேறப் போகின்றவர்கள்தாமே? ஆகவே, அங்கே வரும் கடிதங்களைப் பற்றியும் அவற்றில் ஒளிந்து வரும் கள்வரைப் பற்றியும் சிறிது காண்போம்.

கணிப்பொறியில் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில்தான் வேரூன்றியது. அமெரிக்காவிலுள்ள மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையை அமைத்து, 1961ஆம் ஆண்டு நவம்பரில் இயக்கிக் காட்டினர். பொறி ஒன்று, பயன்படுத்துவோர் பலர். அவரவர் கோப்பை அவரவரே பார்க்க வேண்டுமே! அதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.

பூட்டு வந்த கையோடு அதைத் திறப்பவரும் வந்துவிட்டார். ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்திற்கு 4 மணி நேரமே கணிப்பொறியில் ஒதுக்கியிருந்தனர். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு அந்தக் கணிப்பொறிக்கே துளையட்டை மூலம் கட்டளை கொடுத்தார். அதுவும் மறுப்பின்றி அச்சிட்டுத் தந்தது! இதனை ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து அவரே வெளியிட்டார். 1966இல் இதைவிட வேடிக்கையான ஒன்று அங்கே நிகழ்ந்தது. இரண்டு கோப்புகள் இடம் மாறிப் போனதால், கணிப்பொறியில் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகத் தொடங்கின. இத்தகைய அனுபவங்களால்தான், இன்று முறையாக நடத்தப்படும் மையங்களில் கடவுச்சொல்லை உள்ளபடியே எழுதி வைப்பதில்லை. மீண்டும் பிரித்தெடுக்க இயலாதவாறு அதனை அரைத்து மாற்றியே சேமிக்கிறார்கள். மாவைப் பார்த்து அரிசியைத் திரும்பப் பெற முடியுமா? நம் கடவுச்சொல் மையத்தாருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

மின்மடலும் அதே வளாகத்தில்தான் தவழத் தொடங்கியது. 1965இல் டாம் வான் விளெக், நோயல் மாரிஸ் என்னும் இருவர், அந்தக் கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுச் செல்லும் வழியை அமைத்தனர். ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பும் முறையை 1971இல் ரே டாம்லின்சன் உருவாக்கினார். ஆளின் பெயருக்கும் பொறியின் பெயருக்கும் நடுவே இன்றும் நாம் இடும் 'அட்' குறி அவர் தேர்ந்தெடுத்ததே.

அக்காலத்தில் இந்த வலையில் இருந்தவர்கள் சிலரே. பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். ஊரார் எல்லாரும் உறவினராக இருக்கும் சிற்றூரில் யார் கதவைத் தாழிடுவார்? 1982இல் ஜான் போஸ்டல் வகுத்தளித்த மடல் அனுப்பும் நெறியிலும் அந்த நம்பிக்கையே நிலவியது. அனுப்பும் பொறி, 'இது இன்னாரிடமிருந்து வருகிறது' என்று சொன்னால், பெறும் பொறி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அஞ்சலட்டையின் ஓரத்தில் 'அனுப்புநர்' என்று எழுதி, அதன்கீழ் நாம் எந்தப் பெயரையும் எழுதிவிடலாம் அல்லவா? தபால்காரர் கேட்கப் போவதில்லை. மின்னஞ்சலின் நிலையும் அதுவே. அனுப்பிய இடம் உண்மையா என்று சோதிக்கும் முத்திரை முறைகள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தன. அவை பெரிதும் உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் கள்வன் தன் பெயரிலேயே ஒரு முகவரி வாங்கி அதிலிருந்து எழுதினாலும், பிறர் கணக்கைத் திருடி அதிலிருந்து எழுதினாலும் முத்திரை சரியாகவே இருக்கும். முகவரி மெய்யாக இருப்பது வேறு, எழுதியவர் நல்லவராக இருப்பது வேறு.

இந்த நம்பிக்கைக்கு விழுந்த முதற்பேரடி 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாளில் விழுந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் என்பவர், தானே பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். மடல் அனுப்பும் மென்பொருளில் இருந்த ஓட்டை அதற்கு ஒரு வழி. மனிதர்கள் எளிதாக வைத்திருந்த கடவுச்சொற்கள் மற்றொரு வழி. பயனரின் பெயரையே போட்டுப் பார்த்தது. அதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. பிறகு, தான் கொண்டுவந்த 432 சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தது. அன்று இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகளில் சுமார் 6,000 பாதிக்கப்பட்டன என்று மதிப்பிட்டனர். அதை நிறுத்தும் வழியைக் கூறி அனுப்பிய மடல்கூட நெரிசலில் சிக்கி, உரிய வேளையில் போய்ச் சேரவில்லை! நீதிமன்றம் 1990இல் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் மணிலா நகரிலிருந்து புறப்பட்ட மடலோ இன்னும் தந்திரமானது. 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பது அதன் தலைப்பு. இணைப்பாக வந்த கோப்பு வெறும் எழுத்துக் கோப்புபோலத் தோன்றியது; அதன் பெயரின் கடைசி மூன்றெழுத்தைப் பல கணிப்பொறிகள் மறைத்துக் காட்டியதே காரணம். திறந்தவுடன் அது கோப்புகளைக் கெடுத்தது; முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் திறந்தவருடைய பெயரிலேயே மடல் அனுப்பியது. முன்பின் அறியாதவர் எழுதியிருந்தால் பலர் திறந்திருக்கமாட்டார்கள். உடன் பணிபுரிபவர் எழுதியதாக வந்ததால் திறந்தார்கள். அதை ஆக்கியவர் ஒரு கணிப்பொறிக் கல்லூரியில் பயின்ற இளைஞர். அன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் அதற்குரிய சட்டம் இல்லாமையால் அவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை.

இன்று பல்கலைக்கழக மாணவர்களுக்கு வரும் முகமூடிக் கடிதங்களில் காதல் வசனம் குறைவு, அவசரமே மிகுதி. 'உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது. 24 மணி நேரத்திற்குள் உறுதி செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும்' என்று கணிப்பொறி மையத்தின் பெயரில் ஒன்று வரும். 'உதவித்தொகை கிடைத்துவிட்டது, வங்கி விவரம் அனுப்புக' என்று மற்றொன்று. வீட்டிலிருந்தபடியே வேலை, முன்பணம் மட்டும் கட்டினால் போதும் என்று வேறொன்று. முதல் வகைக் கடிதத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அழுத்தினால் பல்கலைக்கழகத்தின் பக்கத்தை அச்சாக வார்த்ததுபோல ஒரு பக்கம் தோன்றிக் கடவுச்சொல்லைக் கேட்கும்.

அந்தப் பக்கத்தின் முகவரியைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருக்கும். அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படியுங்கள். உரிமையாளர் யார் என்பதை அந்த வால்பகுதியே சொல்லும். தலைப்பகுதியில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சென்னையில் ஒரு கடைப் பலகையில் 'திருநெல்வேலி அல்வா' என்று எழுதியிருப்பதனாலேயே அந்த அல்வா தாமிரபரணித் தண்ணீரில் கிண்டியதாகிவிடுமா? இந்தியப் பல்கலைக்கழகங்களின் முகவரிகள் பெரும்பாலும் 'ஏசி புள்ளி இன்' அல்லது 'ஈடியூ புள்ளி இன்' என்று முடிகின்றன. இவற்றை எர்னெட் என்னும் அமைப்பு கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்குகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் முன்னால் இருந்து, வால் வேறாக இருந்தால் அங்கே எதையும் எழுத வேண்டாம். இதைவிட எளிய வழி, கடிதத்திலுள்ள இணைப்பைத் தொடாமல், வழக்கமான முகவரியை நாமே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பார்ப்பது.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கேதான் பயன்படுகிறது. கடவுச்சொல்லை அறிய வேண்டிய தேவையே இல்லாத மையத்தார் அதை ஏன் எழுதிக் கேட்கப் போகிறார்கள்? கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டு எண்ணுக்கும் இதே நியாயம்தான். அதைத் தொலைபேசியில் கேட்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் கொடுக்கக் கூடாது. கடவுச்சொல்லோடு இத்தகைய இரண்டாவது சோதனையையும் வைத்துக்கொண்டால், களவு போன சொல்லை மட்டும் கொண்டு கள்வன் உள்ளே நுழைவது கடினமாகும்.

பெற்றோருக்கும் இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறோம். ஏமாந்த பெண் பல வேளைகளில் வாய் திறப்பதில்லை. 'அப்பா திட்டுவார், விடுதியில் சிரிப்பார்கள்' என்று அஞ்சி மறைக்கிறாள். அவள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வனுக்கு ஆதாயம். அவள் பெயரிலேயே அவளுடைய தோழியருக்கு எழுதிப் பணம் கேட்பான். அவர்களும் அவளை நம்பியே கொடுப்பார்கள். ஆகவே, வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்பதன்று, 'எப்பொழுது நடந்தது?' என்பதே.

அதன்பின் உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதே சொல்லை வேறிடங்களில் வைத்திருந்தால் அங்கும் மாற்ற வேண்டும். பிற கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். கணிப்பொறி மையத்திற்கு நேரிலோ தொலைபேசியிலோ தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யலாம். பலரும் பார்க்கத் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. வரும் மடல்களின் படியை வேறொரு முகவரிக்குத் தானாகவே அனுப்பும் ஏற்பாட்டைக் கள்வன் அமைப்புகளுக்குள் செய்துவிட்டுப் போயிருக்கக்கூடும். பூட்டை மாற்றிய பிறகும் அது வேலை செய்துகொண்டேயிருக்கும். 'முன்னனுப்பல்' என்ற பகுதியைத் திறந்து, நாம் எழுதாத முகவரி ஏதேனும் அங்கே இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும்.