ஏலச்செடியை ஒரே போட்டோவுல அடக்க முடியுமா? 200 வருஷத்துக்கு முந்தைய ஓவியர்கள் சொல்லித்தரும் பாடம்!

போடிநாயக்கனூரில் இருந்து மூணாறு போகும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அதற்கு மேல் வழிநெடுக ஏலத்தோட்டங்கள்தான். காலையில் போடியில் இருந்து தோட்ட வேலைக்குக் கிளம்பும் ஜீப்களைப் பார்த்திருப்பீங்க. ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊர் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனா, ஏலச்செடியை முழுசா ஒரே போட்டோவில் பிடிக்க முயற்சி செஞ்சிருக்கீங்களா?

செஞ்சு பார்த்தா சிக்கல் புரியும். செடி இரண்டு முதல் நான்கு மீட்டர் உயரம். இலைகள் தலைக்கு மேலே விரிஞ்சு நிற்கும். பூவும் காயுமோ கீழே, தூரின் அடியில் இருந்து கிளம்பும் சரத்தில் இருக்கும். தள்ளி நின்னு எடுத்தா செடி வரும், பூ தெரியாது. குனிஞ்சு எடுத்தா பூ வரும், செடி காணாமல் போகும். பூவுக்குள்ளே என்ன இருக்கு என்பது ரெண்டிலுமே தெரியாது.

இந்த இடத்தில்தான் ஓர் ஓவியர் தேவைப்படுகிறார். இலைத்தண்டின் ஒரு துண்டு, பக்கத்திலேயே பூச்சரம், பெரிதாக்கி வரைந்த ஒரு பூ, குறுக்கே வெட்டிய காய்னு எல்லாத்தையும் அவரால் ஒரே தாளில் கொண்டுவர முடியும். கேமரா கையிலேயே இருக்கும் இந்தக் காலத்திலும், புதிய செடி இனத்தை அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரைகள் பல கோட்டோவியத்துடன் வருவதற்குக் காரணம் இதுதான். தென்னிந்தியச் செடிகளுக்காக இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்த இருவர் ரங்கையா, கோவிந்து.

தஞ்சாவூர் மரபில் இருந்து செடிகளுக்கு...

ராபர்ட் வைட் ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்திய கம்பெனியின் மருத்துவராக 1819-ல் சென்னைக்கு வந்தார். மருத்துவம் பார்த்தாலும் மனசெல்லாம் செடிகள் மேல்தான். 1836-ல் போடிக்கு வடக்கே இருக்கும் பழனி மலைக்கும் ஏறினார். அவரிடம் 1820-களின் நடுவில் தொடங்கி சுமார் இருபது ஆண்டுகள் வரைந்தவர் ரங்கையா. அவருக்குப் பிறகு, 1840-களின் நடுவில் இருந்து வந்தவர் கோவிந்து.

இருவரும் தஞ்சாவூர் அரண்மனை ஓவிய மரபோடு தொடர்புடைய, தெலுங்கு பேசும் ராஜு சமூகத்தினர் என்பது இவர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த ஹென்றி நோல்ட்டியின் கருத்து. அப்படியானால், இது சின்ன மாற்றம் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் ஓவியர் வரைவது தெய்வத்தை. உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏற்கெனவே இலக்கணம் உண்டு. செடிக்கு அது கிடையாது. எதிரே இருப்பதை அப்படியே பார்த்து, எண்ணி, அளந்து வரைய வேண்டும். ஐந்து இதழ் இருந்தால் ஐந்துதான். அழகுக்காக ஆறாவதைச் சேர்க்க முடியாது.

அதே நேரம், பழைய பயிற்சி வீணாகவும் போகவில்லை. தயங்காத அழுத்தமான கோடு, தாளின் பரப்பை ஒழுங்காக நிரப்பும் கண்... இந்த இரண்டையும் ரங்கையாவின் செடிகளில் இன்றும் பார்க்கலாம். தஞ்சாவூரில் அப்போது செடி, விலங்கு ஓவியங்களுக்கும் ஒரு சூழல் இருந்தது. 1832 வரை அங்கே மன்னராக இருந்த இரண்டாம் சரபோஜியே அப்படிப்பட்ட ஓவியங்களை வரையவைத்து சேகரித்தவர்தான்.

ஒரு செடி தாளுக்கு வரும் வழி

செடி ஓவியருக்கு முதல் எதிரி நேரம். ஏலப்பூவையே எடுத்துக்கோங்க. விடிகாலையில் விரியும் பூவுக்கு ஆயுசு ஒரே நாள்தான். செடியைப் பறித்து, தாள்களுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்துப் பாதுகாக்கலாம். ஆனா, காய்ந்த பூவில் நிறம் போயிடும். மெல்லிய இதழ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கும். அதனால் வாடுவதற்குள் அளவும் நிறமும் தாளுக்கு வந்தாகணும்.

முதலில் முழு வடிவத்தின் வெளிக்கோடு. முடிந்தவரை உண்மையான அளவிலேயே வரைவார்கள். தாளுக்குள் அடங்காத செடி என்றால் எந்தப் பகுதியை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்ற முடிவு முக்கியம். அடுத்து நிறம். கடைசியில் பூவைப் பிரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியோடு உள் உறுப்புகளைத் தனித்தனியே வரைவது.

ஏலப்பூவைப் பிரிச்சா ஒரு சுவாரஸ்யம் காத்திருக்கு. வெள்ளையில் ஊதா வரிகளோடு நம்ம கண்ணை இழுக்கும் அந்தப் பெரிய 'இதழ்' உண்மையில் இதழே இல்லை. உருமாறிய மகரந்தத் தாள்கள். மகரந்தம் தரும் தாள் ஒன்றே ஒன்றுதான். போட்டோவில் 'அழகான பூ' என்று கடந்துபோகும் விஷயம், பிரித்து வரையும்போதுதான் புரிகிறது.

எதைத் தேர்ந்தெடுத்து வரைகிறோம் என்பதும் அறிவுதான். ஏலத்தில் மலபார் வகைக்குப் பூச்சரம் தரையோடு படர்ந்து போகும். மைசூர் வகைக்கு நிமிர்ந்து நிற்கும். வழுக்கை வகைக்கு இரண்டுக்கும் நடுவில் சாய்ந்திருக்கும். படத்தில் சரத்தின் சாய்வை மாற்றிவிட்டால் வகையே மாறிடும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடும் வித்தியாசம் இது. ஓவியரும் அந்தப் பார்வையைப் பழகியாகணும்.

கல்லில் இருந்து காகிதத்துக்கு

வரைந்தால் மட்டும் போதாது. பல பேருக்குப் போய்ச் சேரணும். தொடக்கத்தில் ரங்கையாவின் படங்கள் சில கப்பலேறி, பிரிட்டனில் தாவரவியலாளர் வில்லியம் ஹூக்கர் நடத்திய இதழில் அச்சாகின. பிறகு வைட், கல்லச்சு முறையில் இங்கேயே அச்சிடத் தொடங்கினார். வழவழப்பான சுண்ணாம்புக்கல் பலகையில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை வரைந்து, கல்லை நனைப்பார்கள். பிறகு மை தடவினால், ஈரமான இடம் மையை ஏற்காது. கோடு மட்டும் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார்.

இப்படி 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த 'ஐகோன்ஸ் பிளாண்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்' நூலில் மட்டும் 2,101 படங்கள். அசல் ஓவியங்களில் நூற்றுக்கணக்கானவை இன்று எடின்பரோ ராயல் தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன.

பெயர் யாருக்கு?

அட்டையில் இருப்பது வைட்டின் பெயர். கம்பெனி காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகச் செடி, பறவை, விலங்குகளை வரைந்த இந்திய ஓவியர்கள் பலரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ரங்கையா, கோவிந்து பெயர்கள் தப்பியதற்குக் காரணம், அச்சான படங்களின் கீழ் ஓரத்தில் 'வரைந்தவர்' என்று அவர்கள் பெயரை வைட் போட்டதுதான்.

அதோடு நிற்கவில்லை. 'ருங்கியா' என்ற செடிப் பேரினத்தின் பெயர் ரங்கையாவின் நினைவாக 1830-களில் வைக்கப்பட்டது. ஆர்க்கிட் வகை ஒன்றுக்கு வைட் 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். அது பின்னாளில் வேறொரு பேரினத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ருங்கியா இன்றும் புழக்கத்தில் இருக்கு. அந்த இனத்துச் சிறு செடிகள் நம்ம ஊரில் சாதாரணமாக முளைப்பவை. தெரியாமலேயே நாம் ஓர் ஓவியரின் பெயரைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறோம்!

இந்த மரபு அவர்களோடு முடியவில்லை. திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தில் கே.எம்.மேத்யூ தலைமையில் நடந்த தாவர ஆய்வுகளில் கோட்டோவியங்களுக்கு என்றே தனித் தொகுதிகள் வந்தன. பழனி மலைச் செடிகளுக்கான படத் தொகுதி வெளிவந்தது 1996-ல். கேமரா வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனபிறகு!

நீங்களும் வரையலாம்!

ஏலச்செடி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அதே குடும்பத்தைச் சேர்ந்த இஞ்சி, மஞ்சள் போதும். தொட்டியில் இருக்கும் செம்பருத்தி என்றாலும் சரி.

* வரைவதற்கு முன் பத்து நிமிஷம் பார்க்க மட்டும் செய்யுங்க. இதழ் எத்தனை, இலை எதிரெதிரா, மாறி மாறியா என்று எண்ணிக் குறிச்சுக்கோங்க.

* ஸ்கேல் வைத்து அளந்து, உண்மையான அளவிலேயே வரையுங்க.

* முதலில் பூ, அப்புறம் இலை. சீக்கிரம் வாடுவதுதான் முதலில்.

* ஒரு பூவை பிளேடால் நெடுக்காகப் பிளந்து, உள்ளே இருப்பதைப் பக்கத்தில் பெரிதாக வரையுங்க. பிள்ளைகள் செய்தால் பிளேடு உங்கள் கையில் இருக்கட்டும்.

* ஓரத்தில் தேதி, இடம், செடியை உங்க ஊரில் சொல்லும் பெயர் மூன்றையும் எழுதுங்க.

ஏலச்செடியின் அறிவியல் பெயரான 'எலெட்டேரியா'வே அப்படி வந்ததுதான். டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் 11-ம் தொகுதி 1692-ல் வந்தது. அதில் ஏலத்தின் படத்தோடு, 'ஏலத்தரி' என்று இந்த மண்ணின் மக்கள் சொன்ன பெயரும் பதிவானது. அதுதான் இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது.

கடைசியாக ஒன்று. மூலையில் உங்க கையெழுத்தையும் மறக்காமல் போட்டுடுங்க!